ஓய்வெடுக்கும் பாதை

ஜீப்பில் மலைப்பாதை ஏறுகிறவர்களின் சங்கமான மேடுபள்ளக் கழகத்தில் தலைவர் தேர்தல் என்ற ஒன்று கிடையாது. சேற்றில் கடைசியாக யார் சிக்கினாரோ, யாருடைய வண்டியை மற்றவர்கள் கயிறு கட்டி இழுக்க வேண்டி வந்ததோ, அவர்தான் தலைவர். அடுத்த ஆள் சிக்கும்வரை பதவியும் தலைவர் தொப்பியும் அவருக்கே. மற்ற சங்கங்களில் நாற்காலியைப் பிடிக்கக் கட்டிப் புரளுவார்கள்; இங்கே நாற்காலியிலிருந்து தப்பிக்கப் புரண்டார்கள். மலையையே இடித்துத் தள்ளுவதுபோல ஜீப் ஓட்டும் முரட்டு ஆசாமிகள்கூடச் சேறு கண்ணில் பட்டதும் புது மாப்பிள்ளை மாதிரி அடக்கமாகிவிடுவதற்கு இந்த விதிதான் காரணம்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தலைவரானது மழைக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து இருக்கையிலிருந்து அவர் மனைவி, "இடது பக்கம் ஒடிங்க," என்றாள். அவர் வலது பக்கம் ஒடித்தார். வண்டி ஒருதரம் பெருமூச்சு விட்டுவிட்டு அச்சுவரை உள்ளே போனது.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சொன்ன பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்புற மனுஷன்," என்றாள் அவள், கதவு வழியாகச் சேறு உள்ளே வருவதைப் பார்த்துக்கொண்டே. "இன்னிக்கு அதுக்கு ஒரு பதவியும் கிடைச்சிருச்சு."

சொல்வதற்கு அவளுக்குத் தகுதி உண்டு. ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். தலை நரைத்தவர்கள்கூட இன்றைக்கும் நாற்சந்தியில் அவளைக் கண்டால் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் ஒழுங்காக வைத்துக்கொள்வார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதுகுத்தண்டில் ஏதோ நரம்பு கெட்டு, இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்துவிட்டன. டிரைவிங் பள்ளியை மூடினாள். சக்கர நாற்காலி வந்தது. வீட்டுக்குள் அந்த நாற்காலியை அவள் கதவு நிலைகளில் இடிக்காமல் திருப்பும் அழகைப் பார்க்கக் கண்ணாடிக் கடைக்காரருக்குத் தாங்காது. கடையில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விடுவார்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மலைக்கு மேலே மொட்டைப்பாறை என்று ஓர் இடம். ஜீப்பைப் பாறையின் விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்தலாம். கதவைத் திறந்துவிட்டால், இருக்கையை விட்டு அசையாமலே இரண்டு பக்கத்துப் பள்ளத்தாக்கும் தெரியும். காற்று முகத்தில் அடிக்கும். "அங்க உக்காந்தா நானே ஓட்டிக்கிட்டுப் போற மாதிரி இருக்கு," என்றாள் ஒருமுறை. அவ்வளவுதான். வேகம் என்றாலே பயப்படும் அந்த மனிதர் ஒரு பழைய ஜீப்பை வாங்கினார், கழகத்தில் சேர்ந்தார், மாதாமாதம் எல்லோரோடும் கல் சுமந்து பாதையின் பள்ளங்களை நிரப்பினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளை மேலே கூட்டிப் போனார்.

தலைவரான மறுவாரம் போனால், மலையடிவாரத்தில் பாதையின் குறுக்கே ஒரு சங்கிலி தொங்கியது. பக்கத்தில் புதுப் பலகை:

'இப்பாதை ஓய்வில் உள்ளது. தொந்தரவு செய்யாதீர். பாதை நலத் துறை.'

கழகத்தின் செயலாளர் அவருடைய மச்சான். மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி, ஃபிரிட்ஜ் ரிப்பேர்காரன். பின்னால் வந்த வண்டியிலிருந்து இறங்கிப் பலகையை இரண்டு தரம் படித்தான்.

"மாமா, பாதை தூங்குதாம்."

"எழுப்பச் சொல்லுடா," என்றாள் அக்காள்.

"அதெல்லாம் தலைவர் வேலை."

எல்லோரும் கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் சங்கிலியைப் பார்த்தார். அவள் மட்டும் மேலே, மேகம் உரசிக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தாள். அப்புறம், "வண்டியைத் திருப்புங்க," என்றாள். வீடு வரும்வரை இடது என்றோ வலது என்றோ ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

மறுநாள் காலை பாதை நலத் துறை அலுவலகத்துக்குப் போனார். வாசல் படிகளின் குறுக்கே ஒரு சங்கிலி. பக்கத்தில் சக்கர நாற்காலிக்கென்று கட்டிய சாய்வுப் பாதை. அதற்கும் ஒரு சங்கிலி, 'ஓய்வில் உள்ளது' பலகை. ஓர் அம்புக்குறி கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகச் சொன்னது. அங்கே மொட்டைமாடித் தொட்டி எந்தக் காலத்திலிருந்தோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஊர் ஜனம் மொத்தமும் அந்த ஒரே வழியாகப் போய் வந்ததில், பின்கதவுக்கு முன்னால் எருமை இறங்கினால் ஏற முடியாத சேறு. நடுநடுவே செங்கல் போட்டிருந்தார்கள். மரியாதைப்பட்டவர்களெல்லாம் கால்சட்டையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, செங்கல் விட்டுச் செங்கல் தாவி அரசாங்கத்தை அணுகினார்கள்.

இணை இயக்குநரின் அறையில் கம்பளம் புதிதாக இருந்தது. அதன் மேல் பிளாஸ்டிக் விரித்திருந்தது. இணை இயக்குநர் தங்கமான மனிதர். குரலை உயர்த்தத் தெரியாதவர். வந்தவரை உட்காரவைத்து, சுவரில் ஜோடி ஜோடியாக மாட்டியிருந்த படங்களைக் காட்டினார்.

"இது முன்னாடி. இது இப்ப."

முதல் படத்தில் ஒரு பாதை. இரண்டாவதில் ஒரு புதர்.

கண்ணாடிக் கடைக்காரருக்குத் தொழில் புத்தி. நாள் முழுக்க முகத்துக்கு முகம் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, 'இப்ப நல்லாத் தெரியுதா, முன்னாடி நல்லாத் தெரிஞ்சுதா?' என்று கேட்டே பழகியவர். வாய் தானாக, "முன்னாடிதான் சார் நல்லாத் தெரியுது," என்றது.

இணை இயக்குநர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "நான் இந்தத் துறையில சேர்ந்தப்ப நம்ம பொறுப்புல எழுபது பாதை. எல்லாத்துலயும் கண்டவங்க நடந்துக்கிட்டும் ஓட்டிக்கிட்டும் கிடந்தாங்க. பார்க்கவே மனசு ஆறாது. இன்னிக்கு ஒன்பதுதான் பாக்கி. மத்ததெல்லாம் முழுசாக் காப்பாத்தியாச்சு."

"அதெல்லாம் இப்ப எங்க சார் இருக்கு?"

"அதான் சொன்னேனே. எங்களாலயே கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் காப்பாத்தியாச்சு."

கண்ணாடிக் கடைக்காரர் மனைவியைப் பற்றிச் சொன்னார். இணை இயக்குநர் கண் கலங்கக் கேட்டார். பாதையைத் திறக்க வழி இருக்கிறது என்றார். ஒரு பாதையில் வண்டிகள் வழக்கமாகப் போய் வருகின்றன என்று நிரூபித்துவிட்டால் துறை அதைத் தொடக்கூட முடியாது.

"நிரூபிக்கிறது எப்படி சார்?"

"ரொம்ப சுலபம். சக்கரத் தடம் இருக்கணும்."

மேடுபள்ளக் கழகம் துள்ளிக் குதித்தது. தடத்துக்கா பஞ்சம்? அதிகாரிகள் வந்தார்கள், சங்கிலியைத் தாண்டிக் குனிந்து பார்த்தார்கள், தடங்களைக் கண்டு உச்சுக்கொட்டினார்கள். ஒரு வாரத்தில் பதில் வந்தது: பாதையில் சக்கரத் தடங்கள் காணப்பட்டதால் பாதை காயமடைந்துள்ளது உறுதியாகிறது, எனவே ஓய்வு நீட்டிக்கப்படுகிறது.

கண்ணாடிக் கடைக்காரர் மறுபடி செங்கல் தாவிப் போய்க் கேட்டார்.

"தடம் இல்லாம இருக்கணும்னா முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்."

"ஐயையோ, தடம் இல்லன்னா யாரும் உபயோகிக்கலன்னு ஆயிடுமே. உபயோகிக்காத பாதைக்கு நிரந்தர ஓய்வு."

"அப்ப என்னதான் வேணும்?"

"வண்டி போகணும். போனதும் தெரியணும். போன மாதிரியும் இருக்கக் கூடாது." நிதானமாகச் சொன்னார், இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது என்பதுபோல.

கழகம் அதற்கும் தயாரானது. மச்சான் சங்கிலிக்கு இந்தப் பக்கம் அடிவாரத்து மைதானத்தில் ஒத்திகை நடத்தினான். முன்னால் ஜீப், பின்னால் துடைப்பத்தோடு கழகத்தின் பல் டாக்டர், அவருக்குப் பின்னால் டாக்டரின் கால்தடத்தைப் பெருக்கக் குழாய்க்காரர், அவர் தடத்தைப் பெருக்க இன்னொருவர். கடைசியாக வந்தவரின் தடத்தை என்ன செய்வது என்பதில் கழகம் இரண்டாக உடையப் பார்த்தது. துறையிலிருந்து ஓர் ஆள் வந்து, துடைப்பமும் மண்ணில் கோடு போடுகிறது, அந்தக் கோட்டைப் பற்றித் துறை இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

இத்தனைக்கும் நடுவில் ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தாள். அவர் கார் ரேடியோவைக் கழற்றி வந்து போட்டுக் காட்டினார், மின்விசிறியை அவள் முகத்துக்கு நேரே திருப்பி வைத்தார்.

"காத்து வருதா?"

"வருது. ஜலதோஷமும் வரும். நிறுத்துங்க."

கடைசியில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றார்கள். துறையின் மேல்மாடிக் கூடம். அவள் வருவதாக ஒற்றைக்காலில் நின்றாள். நிற்க முடிந்திருந்தால் நிஜமாகவே நின்றிருப்பாள். வாசலில் சாய்வுப் பாதை ஓய்விலிருந்தது. பின்பக்கச் சேற்றில் சக்கர நாற்காலி இறங்காது. ஆகவே அவள் தெருவில் ஜீப்பிலேயே இருந்தாள். மச்சான் தன் போனில் அவள் குரலைச் சத்தமாக வைத்து மேலே கொண்டுபோனான்.

மேடையில் இணை இயக்குநருக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில், தட்டில் இரண்டு பிஸ்கட். அது பாதைக்கான இடம் என்று அறிவித்தார்கள்.

"பேச முடியாதவங்களுக்காகப் பேசறதுக்குத்தான் நாங்க இருக்கோம்," என்றார் இணை இயக்குநர். "எல்லாரும் பாதையை உபயோகிக்கணும்ங்கறாங்க. பாதை யாரையாவது உபயோகிச்சிருக்கா? இந்தக் கேள்வியை நான் ராத்திரியெல்லாம் கேட்டுக்கிறேன். எனக்குத் தூக்கம் வர்றதில்ல. பாதையாவது தூங்கட்டும்னுதான் சங்கிலி போடறேன்." நாற்காலியின் பக்கம் திரும்பினார். "ஓய்வை நீட்டிக்கிறதுல பாதைக்கு ஆட்சேபம் உண்டா?"

கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பாதை பேசவில்லை. பிஸ்கட்டையும் தொடவில்லை.

"ஆட்சேபம் இல்லைன்னு குறிச்சுக்கங்க."

"எனக்கு இருக்கு," என்றது போன்.

"யாரும்மா பேசறது? கூட்டத்துக்கு நேர்ல வந்து சொல்லணும்."

"வரலாம்னுதான் வந்தேன். சாய்வுப் பாதையில சங்கிலி போட்டிருக்கீங்க."

"அது ஓய்வுல இருக்கும்மா."

"நானும் ரெண்டு வருஷமா ஓய்வுலதான் இருக்கேன். எனக்கு யாரும் போர்டு வைக்கலையே."

யாரோ சிரித்தார்கள். இணை இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. குரலை அடையாளம் கண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"டீச்சர், என்னை ஞாபகம் இருக்கா?"

"எப்படி மறக்கும்? ரிவர்ஸ்ல போயி என் ஆபீஸ் கதவைக் கழட்டினது நீங்கதானே."

மனிதர் உருகிப்போனார். எந்தப் பாதையையும் தாமே நேரில் பார்த்ததில்லை என்பதை அந்தக் கூட்டத்திலேயே ஒப்புக்கொண்டார். பார்க்கப் போனால் பாதைக்கு வலிக்குமே என்ற கரிசனம்தான் காரணம். டீச்சருக்காக அதையும் செய்வதாக அறிவித்தார். கூட்டு ஆய்வு. சங்கிலி ஒருநாள் மட்டும் அவிழும்.

அந்த நாளுக்கு முந்தைய இரவு அடைமழை. காலையில் கண்ணாடிக் கடைக்காரர் முன்னால் போனார், பக்கத்தில் அவள். முகத்தில் பல மாதமாகக் காணாத வெளிச்சம். பின்னால் துறையின் ஜீப். வாங்கிப் பல வருஷமாகியும் இருக்கையின் பிளாஸ்டிக் உறை பிரியாத வண்டி. சாலை தேய்ந்துவிடும் என்று அதை வெளியே எடுத்ததில்லை. இணை இயக்குநரே ஓட்டினார். மொட்டைப்பாறைக்கு இரண்டு வளைவு பாக்கியிருந்த இடத்தில், முன்பு கண்ணாடிக் கடைக்காரருக்குப் பதவி தந்த அதே சேறு.

அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் பார்த்துச் சொன்னாள். "இடது பக்கம் பிடிங்க. கிளட்ச்சை மெதுவா விடுங்க."

இடது பக்கம் ஒரு புல் முளைத்திருந்தது. அது பாதை குணமாகும் அறிகுறி. இணை இயக்குநர் புல்லுக்கு வழிவிட்டு வலது பக்கம் ஒடித்தார். வண்டி கதவுவரை இறங்கியது.

பழக்கதோஷத்தில், பின்னால் வந்த கழகத்தார் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். பல் டாக்டர் கயிறு கட்டினார். வண்டி வெளியே வந்ததும் மச்சான், காய்ந்த சேறு ஒட்டிய தலைவர் தொப்பியை மாமாவின் தலையிலிருந்து எடுத்து இணை இயக்குநரின் தலையில் வைத்தான்.

விதியை விளக்கியதும் இணை இயக்குநர் தொப்பியை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தார். "என்னை எதுக்குமே யாரும் தேர்ந்தெடுத்ததில்ல. நியமிச்சுத்தான் இருக்காங்க."

கண்ணாடிக் கடைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. பாதை கேட்க வேண்டியவரும் இவர், கொடுக்க வேண்டியவரும் இவர். கடவுளே இறங்கி வந்து சேற்றில் விழுந்ததுபோல இருந்தது.

"தலைவரே, இன்னும் ரெண்டே வளைவுதான். மேல போயிட்டு வந்துடலாம்."

தொப்பியைச் சரிசெய்துகொண்டு இணை இயக்குநர் ஆழ்ந்து யோசித்தார். "தலைவர்ங்கிற முறையில எனக்கும் ஆசைதான். ஆனா இணை இயக்குநர் அனுமதிக்கணுமே."

"அது நீங்கதானே சார்?"

"அதான் சொல்றேன். அவரை எனக்கு நல்லாத் தெரியும். லேசுல மசிய மாட்டாரு."

வண்டிகள் திரும்பின. அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அலுவலகத்தில் இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். புதன்கிழமைதோறும் இணை இயக்குநர் தொப்பியை மாட்டிக்கொண்டு தம் அறைக் கதவைத் தட்டுவார். பதில் வராததால் கொஞ்ச நேரம் வெளியே காத்திருப்பார். பிறகு உள்ளே போய், பார்க்க வருகிறவர்களுக்கான நாற்காலியில் உட்கார்ந்து, கழகத்தின் சார்பில் கல்லும் கரையும்படி வாதாடுவார். எழுந்து, தொப்பியைக் கழற்றி, மேஜையைச் சுற்றிப் போய்த் தம் நாற்காலியில் அமர்ந்து, கனத்த மனதோடு மறுப்பார். பியூன் இருவருக்கும் டீ கொண்டுவருவார். இரண்டையும் அவரே குடிப்பார். வெளியே வரும்போது மீண்டும் தொப்பி இருக்கும், முகம் சிவந்திருக்கும்.

"கல்நெஞ்சக்காரன்," என்பார் காத்திருந்த கழகத்தாரிடம். "விட மாட்டேன். அடுத்த வாரம் பார்த்துக்கறேன்."

"வேற தலைவரைப் போட்டுடலாம் மாமா," என்றான் மச்சான் ஒருநாள், வீட்டில் டீ குடித்துக்கொண்டே.

"எப்படிடா? அடுத்த ஆள் சிக்கணும்."

"சிக்கலாமே."

"சிக்கறதுக்குப் பாதை?"

இருவரும் கோப்பையை வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதை மூடியிருக்கும்வரை யாரும் சிக்க முடியாது. யாரும் சிக்காதவரை இவர்தான் தலைவர். இவர் தலைவராக இருக்கும்வரை, புதன்கிழமைதோறும் இவரே கேட்டு இவரே மறுத்துக்கொண்டிருப்பார். கண்ணாடிக் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். இனி ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று தன் வீட்டில் வராது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜன்னலோரத்திலிருந்து அவள் திரும்பாமலே கேட்டாள். "ஊர்லயே பெரிய சேறு எங்க இருக்கு?"

"மலையிலதான்."

"அதைவிடப் பெரிசு ஒண்ணு இருக்கு. ரெண்டு பேரும் வாரா வாரம் அதுலதான் தாவுறீங்க."

மறுநாள் காலை, ஊழியர்கள் எல்லோரும் செங்கல் தாவி உள்ளே போன பிறகு, கண்ணாடிக் கடைக்காரரின் ஜீப் துறையின் பின்பக்கம் நுழைந்தது. தொட்டி வழக்கம்போல வழிந்துகொண்டிருந்தது.

"கதவுக்கு நேரா போங்க. இடது சக்கரம் செங்கல் மேல ஏறக் கூடாது. இப்ப இடது ஒடிங்க."

இடது பக்கம் ஒடித்தார். கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவை.

"ஆங். இப்ப மிதிங்க. நல்லா மிதிங்க. பயப்படாதீங்க, எங்கயும் போகாது."

எங்கும் போகவில்லை. கீழேதான் போனது. பின்கதவை அடைத்துக்கொண்டு, நம்பர் பலகை மறையும்வரை இறங்கி உட்கார்ந்தது. அவர் எஞ்சினை அணைத்தார். அலுவலக ஜன்னலில் இணை இயக்குநரின் தலை தெரிந்தது.

"என்ன இது? வழியை மறிச்சுக்கிட்டு. வண்டியை எடுங்க."

கயிற்றோடு வந்து சேர்ந்திருந்த மச்சான் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு மரியாதையாகச் சொன்னான். "வண்டி ஓய்வுல இருக்கு சார். தொந்தரவு பண்ண முடியாது. தலைவர் சொன்னா இழுப்போம்."

"தலைவர் நான்தானே?"

"இந்த நிமிஷம்வரைக்கும் சார். இப்ப மாமா சிக்கிட்டாரு."

தொப்பி ஜன்னல் வழியாகக் கீழே வந்தது. புதிய தலைவர் அதை மாட்டிக்கொண்டார்; இழுக்கச் சொல்லவில்லை. மதியம் வந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டியது. உள்ளே கசமுசா எழுந்தது. கடைசியில் பசி தாங்காத ஒரு குமாஸ்தா, தான் செய்வது என்னவென்று தெரிந்தே, சாய்வுப் பாதையின் சங்கிலியை அவிழ்த்தான். அலுவலகம் மொத்தமும் அதன் வழியாக இறங்கி ஓடியது. இணை இயக்குநர் கடைசியாக வந்தார். உச்சியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பாதைக்கு வலிக்காமல், நுனிக்காலால் நடந்து இறங்கினார்.

"தம்பி, என் நாற்காலியை எடு," என்றாள் அவள்.

அக்காளைச் சேற்றிலிருந்து தம்பி தூக்கி வந்தான். சாய்வுப் பாதையில் கணவர் தள்ளினார். மேலே ஆளுயரம்கூட இல்லாத ஒரு மேடை. அவள் நாற்காலியைத் தானே திருப்பிக்கொண்டாள். தொட்டிக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் இடையில், வெகு தூரத்தில், பென்சிலால் இழுத்த மாதிரி மலையின் விளிம்பு. மொட்டைப்பாறை அதில் ஒரு புள்ளி.

பியூன் தயங்கித் தயங்கி வந்தார். கையில் அவிழ்ந்த சங்கிலி. "அம்மா, நீங்க இறங்கிட்டீங்கன்னா இதைத் திரும்ப மாட்டிடுவேன். ஐயா சொல்லிட்டுப் போனாரு."

அவள் நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள்.

கண்ணாடிக் கடைக்காரர் நாற்காலியின் கைப்பிடியில் கை வைத்தார். அவளுக்குப் பின்னால் குனிந்து, அவள் பார்க்கும் அதே இடத்தைப் பார்த்தார். தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டார்.

"இப்ப நல்லாத் தெரியுதா, முன்னாடி நல்லாத் தெரிஞ்சுதா?"

தொட்டி வழிந்துகொண்டிருந்தது.

"முன்னாடிதாங்க," என்றாள்.

அவர் தலையாட்டினார். கையை எடுக்காமல் அங்கேயே நின்றார். பியூன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கீழே காத்திருந்தார்.